உள்ளுறை வெப்பம்: நீராவிச் சுருள் காற்றைச் சூடாக்குவது எப்படி?



கருத்து விளக்கக் கட்டுரைக்கு அறிவியல் தலைப்பு வந்தால் நம் மாணவர்களில் பலர் அதைத் தொடுவதே இல்லை. இணையத்தின் நன்மைகள், சுற்றுச்சூழல் தூய்மை என்று பழகிய தலைப்புக்கே ஓடிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், “அறிவியல மலாய்ல படிச்சோம், தமிழ்ல எப்படி எழுதறது டீச்சர்?” என்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக இந்த முறை வேண்டுமென்றே ஒரு கடினமான தலைப்பை எடுத்திருக்கிறேன்: கட்டடங்களின் காற்றோட்ட அமைப்பில் பொருத்தப்படும் நீராவி வெப்பச் சுருள்.

பயப்பட வேண்டாம். வீட்டில் இட்லிப் பானையையும், கடையில் ஐஸ் போட்ட தேநீர்க் குவளையையும் பார்த்தவர்களுக்கு இது புரியும். முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். பிறகு இதை எப்படிக் கட்டுரையாக எழுதுவது என்று பார்ப்போம்.

1. வெயில் ஊரில் சூடாக்கும் கருவி எதற்கு?

தைப்பூசத்தன்று பத்துமலையில் 272 படி ஏறியவர்களுக்கு நம் ஊர் வெப்பத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கோலாலம்பூர் வட்டாரத்தில் பகல் வெப்பநிலை பெரும்பாலான நாள்களில் 32, 33 பாகை செல்சியசைத் தொட்டுவிடும். இங்கே காற்றைக் குளிரவைப்பதுதானே வேலை? சூடாக்குவது எதற்கு?

ஆனாலும், பெரிய மருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சை அறைக்கும், மருந்து தயாரிக்கும் தொழிற்சாலைக்கும் காற்று அனுப்பும் பெரிய இரும்புப் பெட்டிகள் பலவற்றில் இரண்டு சுருள்கள் இருக்கும். முதல் சுருள் காற்றைக் குளிரவைக்கும். அடுத்த சுருள் அதே காற்றைச் சூடாக்கும். அந்தப் பெட்டியை டெக்னிஷியன்கள் ‘ஏ.எச்.யூ.’ என்பார்கள். நாம் காற்றுக் கையாளும் பெட்டி என்று சொல்லிக்கொள்வோம்.

குளிரவைத்ததை மறுபடியும் சூடாக்குவதா? பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது, இல்லையா? காரணம் ஈரம்.

படி ஏறும்போது நம்மை வாட்டுவது வெயில் மட்டுமல்ல. காற்றில் இருக்கும் ஈரமும்தான். அதனால்தான் வியர்வை காய மறுக்கிறது. ஒரு கனமீட்டர் காற்று 30 பாகையில் இருக்கும்போது ஏறக்குறைய 30 கிராம் நீராவி வரைக்கும் தாங்கும். அதே காற்று 13 பாகைக்குக் குளிர்ந்தால் 11 கிராம்தான் தாங்கும். இப்போது 30 பாகை வெப்பநிலையும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றை எடுத்துக்கொள்வோம். அதில் 24 கிராம் நீராவி இருக்கும். அதைக் குளிர்ச் சுருளில் செலுத்தி 13 பாகைக்குக் கொண்டுவந்தால், தாங்க முடியாத 13 கிராம் தண்ணீராகிச் சொட்டிவிடும். ஐஸ் போட்ட தேநீர்க் குவளை வெளிப்புறத்தில் ‘வியர்ப்பது’ இதனால்தான். ஏர்கோனின் பின்பக்கக் குழாயில் தண்ணீர் சொட்டுவதும் இதனால்தான்.

காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்தாயிற்று. ஆனால் இப்போது அந்தக் காற்று 13 பாகைக் குளிரில் இருக்கிறது. அதன் ஈரப்பதமோ 100 விழுக்காடு. அந்தக் குளிருக்கு எவ்வளவு நீராவியைத் தாங்க முடியுமோ அவ்வளவும் அதில் இருக்கிறது. இதை அப்படியே அறுவைச் சிகிச்சை அறைக்கு அனுப்ப முடியாது. நோயாளி நடுங்குவார். சுவரும் கருவிகளும் ஈரமாகும். ஆகவே, தண்ணீர் சேர்க்காமல் அதை 22 பாகைக்குச் சூடாக்குகிறார்கள். உள்ளே இருக்கும் நீராவி ஒரு துளிகூடக் கூடவில்லை, குறையவும் இல்லை. ஆனால் காற்றின் தாங்கும் திறன் கூடிவிட்டதால் ஈரப்பதம் 100 விழுக்காட்டிலிருந்து 56 விழுக்காட்டுக்கு அருகில் இறங்கிவிடுகிறது.

வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் பொதுவாக இந்த இரண்டாவது சுருள் தேவைப்படாது. அங்கே முப்பது பேர் உட்கார்ந்திருப்போம். கணினிகளும் விளக்குகளும் எரியும். அந்த வெப்பமே குளிர்ந்த காற்றைச் சூடாக்கிவிடும். அறுவைச் சிகிச்சை அறையில் ஆள் குறைவு, உள்ளே வரும் காற்றோ அதிகம். அதனால்தான் அங்கே தனியாக ஒரு சுருள் வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டாவது சுருளைச் சூடாக்கப் பல வழிகள் உண்டு. மின்சாரம், வெந்நீர், நீராவி. ஏற்கெனவே கொதிகலன் வைத்திருக்கும் இடங்களில் நீராவி கைக்கு அருகிலேயே இருக்கிறது. அந்த நீராவியின் வேலையைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

2. உள்ளுறை: ஒரு சொல்லின் அருமை

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. வெப்பமானியில் தெரிவது வெப்பநிலை. ஒரு பொருளுக்குள் போகும், அதிலிருந்து வெளியே வரும் ஆற்றல் வெப்பம். பேச்சில் இரண்டையும் ‘சூடு’ என்று சொல்லிவிடுகிறோம். பேச்சுக்கு அது சரி. கட்டுரையில் அப்படி எழுதினால் விளக்கம் குழம்பிவிடும்.

ஒரு கிலோ தண்ணீரை அடுப்பில் வையுங்கள். 30 பாகையிலிருந்து 100 பாகைக்கு ஏற்ற ஏறக்குறைய 293 கிலோஜூல் வெப்பம் செலவாகும். வெப்பமானி ஏறிக்கொண்டே போகும். 100 பாகையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் வெப்பமானி நின்றுவிடும். அடுப்பு எரிகிறது, வெப்பம் போய்க்கொண்டே இருக்கிறது, வெப்பநிலை மட்டும் ஏறுவதில்லை. அந்த ஒரு கிலோவும் நீராவியாகி முடிய 2,257 கிலோஜூல் தேவை. அதாவது, கொதிக்கவைக்கச் செலவான வெப்பத்தைப்போல் ஏழரை மடங்குக்கும் மேல்.

அந்த வெப்பமெல்லாம் எங்கே போனது? நீராவிக்குள் ஒளிந்திருக்கிறது. தமிழில் இதற்குப் பெயர் உள்ளுறை வெப்பம்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். தமிழ் இலக்கியம் எடுத்த மாணவர்களுக்கு உள்ளுறை உவமம் தெரியும். சங்க அகப்பாடல்களில் வெளியே பூவும் வண்டும் மீனும் நாரையும்தான் தெரியும். தலைவன் தலைவியைப் பற்றிய கருத்து உள்ளே உறையும். படித்த மாத்திரத்தில் கண்ணில் படாது. ஆனால் பாட்டின் உயிரே அதில்தான் இருக்கும். நீராவியும் அப்படியே. வெப்பமானி காட்டுவது 100 பாகை. உண்மையான சரக்கு உள்ளே இருக்கிறது.

படிவம் 4 இயற்பியலில் இதையே ‘ஹாபா பெண்டாம்’ என்று படித்திருப்பீர்கள். மலாயில் மனக்குறையை வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் அடக்கி வைப்பதை ‘மெமெண்டாம் ராசா’ என்பார்கள். அதே ‘பெண்டாம்’தான் இதுவும். இரண்டு மொழியும் ஒரே கருத்தைப் பிடித்திருக்கின்றன. ஆகவே “தமிழ்ல சொல்ல முடியாது” என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இந்த வெப்பத்தை முதலில் அளந்து விளக்கியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக். 1760ஆம் ஆண்டுகளில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அவர் இதை ஆராய்ந்தார்.

சரி, ஒளிந்திருக்கும் வெப்பம் எப்போது வெளியே வரும்? நீராவி மறுபடியும் தண்ணீராகும்போது. இந்த ஒரு வரிதான் இக்கட்டுரையின் மையம். இட்லிப் பானையில் நடப்பதும் இதுவே. மேலே எழும் நீராவி ஆறிய மாவில் படுகிறது, தண்ணீராகிறது, அப்படி ஆகும்போது தன் உள்ளுறை வெப்பத்தை மாவுக்குக் கொடுத்துவிடுகிறது. மாவு வேகிறது. மூடியைத் திறந்தால் உள்பக்கம் சொட்டுச் சொட்டாக நிற்பது, வெப்பத்தைக் கொடுத்து முடித்த நீராவி.

3. சுருளுக்குள்ளே நடப்பது

நீராவிச் சுருள் என்றால் கொசுவர்த்திச் சுருள் மாதிரி வட்டமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது ஒரு சட்டம்தான். சட்டத்துக்குள் பல குழாய்கள் வரிசையாக ஓடும். குழாய்களைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாகக் கோக்கப்பட்டிருக்கும். கார் ரேடியேட்டரைப் பார்த்திருந்தால் இதையும் பார்த்த மாதிரிதான். தகடுகள் எதற்கு? காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் வாங்கும். அது தொட்டுச் செல்லும் பரப்பைக் கூட்டினால் வாங்கும் வெப்பமும் கூடும்.

வேலை நடக்கும் ஒழுங்கு இது:

முதலாவதாக, கொதிகலனிலிருந்து வரும் நீராவி ஒரு கட்டுப்பாட்டு வால்வு வழியாகச் சுருளுக்குள் நுழைகிறது.

இரண்டாவதாக, விசிறி தள்ளும் காற்று தகடுகளுக்கு இடையே பாய்கிறது.

மூன்றாவதாக, காற்றின் குளிர் பட்ட குழாய்ச் சுவரில் நீராவி தண்ணீராகிறது. உள்ளுறை வெப்பம் குழாய்க்கும், அங்கிருந்து தகட்டுக்கும், தகட்டிலிருந்து காற்றுக்கும் போகிறது.

நான்காவதாக, அந்தத் தண்ணீர் சரிவாக அமைந்த குழாயில் இறங்கி வெளியேறுகிறது. வெளியேறிய இடத்தை நிரப்பப் புதிய நீராவி தானாகவே உள்ளே வருகிறது. அதைத் தள்ள பம்பு தேவையில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? விநாடிக்கு ஒரு கனமீட்டர் காற்றை 13 பாகையிலிருந்து 20 பாகைக்குச் சூடாக்க வேண்டும். அந்தக் காற்றின் நிறை ஏறக்குறைய 1.2 கிலோ. தேவைப்படும் வெப்பம் விநாடிக்கு 8.4 கிலோஜூல். இதை நீராவி கொடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 14 கிலோ நீராவி போதும். அதையே வெந்நீரால் செய்து, வெந்நீர் சுருளைக் கடக்கும்போது 10 பாகை குறைகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 720 கிலோ தண்ணீரைப் பம்பு போட்டுத் தள்ள வேண்டும். பதினான்கு எங்கே, எழுநூற்றிருபது எங்கே! இதுதான் உள்ளுறையின் பலம்.

இன்னொரு நன்மையும் உண்டு. வெந்நீர் போகப் போகக் குளிரும். அதனால் சுருளின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை சற்றுக் குளிர்ந்தும் இருக்கும். நீராவியோ தண்ணீராக மாறும்போது வெப்பநிலை மாறாது. ஆகவே, சுருள் முழுவதும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில் இருக்கும்.

4. தண்ணீர் வெளியேறாவிட்டால்?

வெப்பத்தைக் கொடுத்து முடித்த தண்ணீர் சுருளுக்குள் தங்கக் கூடாது. தங்கினால் நீராவிக்கு இடமில்லை. இடமில்லை என்றால் வெப்பமும் இல்லை. மேலே போட்ட கணக்கில் மணிக்கு 14 லிட்டர் தண்ணீர் சேரும் என்பதை நினைத்துப் பாருங்கள். அதை வெளியே விடவேண்டும். ஆனால் குழாயைச் சும்மா திறந்து வைத்தால் தண்ணீரோடு நல்ல நீராவியும் சேர்ந்து ஓடிவிடும்.

இதற்காகச் சுருளின் அடியில் ஒரு சிறிய கருவி இருக்கும். தொழிலாளர்கள் அதை ‘ஸ்டீம் டிராப்’ என்பார்கள். தமிழில் நீராவிப் பொறி எனலாம். எலிப்பொறியில் வரும் அதே ‘பொறி’தான். இதன் வேலை ஒன்றே ஒன்று: தண்ணீரை வெளியே விடு, நீராவியைப் பிடித்து வை. பத்துமலை கொமுட்டர் நிலையத்தின் தானியங்கிக் கதவு மாதிரி. அட்டையைக் காட்டினால் திறக்கும், இல்லையென்றால் மூடியே கிடக்கும்.

காற்றைச் சூடாக்கும் சுருள்களில் மிதவை வைத்த பொறி அதிகம் பயன்படுகிறது. உள்ளே ஓர் உருண்டை மிதவை. தண்ணீர் சேர்ந்தால் மிதவை எழும்பும், வழி திறக்கும். தண்ணீர் போய்விட்டால் மிதவை இறங்கும், வழி அடைபடும். நீராவியால் மிதவையைத் தூக்க முடியாது. அதனால் அது மாட்டிக்கொள்கிறது. வேலை தொடங்கும்போது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் வெளியேற்ற, அதே பொறியில் வெப்பத்தை உணரும் இன்னொரு சிறு வழியும் இருக்கும். காற்று உள்ளேயே தங்கினால் அது போர்வை மாதிரி நீராவியைக் குழாய்ச் சுவரில் பட விடாது.

பொறி பழுதானால் இரண்டில் ஒன்று நடக்கும். திறந்தபடி நின்றுவிட்டால் நீராவி வீணாகும், எரிபொருள் செலவு ஏறும். மூடியபடி நின்றுவிட்டால் சுருளில் தண்ணீர் தேங்கும். காற்று சூடாகாது. சில நேரம் வேகமாக வரும் நீராவி அந்தத் தண்ணீரைக் கட்டியாகத் தள்ளிக்கொண்டு போய் வளைவில் மோதும். குழாயைச் சுத்தியலால் அடிப்பதுபோல் ‘டமார், டமார்’ என்று சத்தம் கேட்கும். அந்த மோதல் வால்வையும் இணைப்பையும் உடைக்கும் அளவுக்குப் பலமானது.

குளிர் நாடுகளில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. டொராண்டோ போன்ற ஊர்களில் குளிர்காலத்தில் வெளிக்காற்று பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக்கும் இறங்கும். கட்டடத்துக்குள் வரும் அந்தக் காற்று முதலில் தொடுவது இந்தச் சுருளைத்தான். சுருளுக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் அது உறைந்துவிடும். உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும். செப்புக் குழாய் வெடித்துவிடும்.

நீராவி ஓடும் குழாய் உறைவதா? ஆமாம். கட்டுப்பாட்டு வால்வு நீராவியைக் குறைக்கும்போது சுருளுக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடலாம். அப்போது தண்ணீரைப் பொறி வழியே தள்ள விசை இருக்காது. ஆகவேதான் பொறியைச் சுருளுக்கு நன்றாகக் கீழே வைப்பார்கள். உள்ளே வெற்றிடம் உண்டானால் காற்றை விடும் சிறு வால்வும் வைப்பார்கள். சுருள் உறைவதற்குக் காரணம் சூடு போதாமை மட்டுமல்ல, வேலை முடித்த தண்ணீர் வெளியே போகாமையும்தான்.

5. நம் தோட்டப்புறத்தில் நீராவிச் சுருள்

இந்தக் கருவியை நேரில் பார்க்க டொராண்டோவுக்குப் போகவேண்டியதில்லை. கேரித் தீவுப் பக்கமோ கோலசிலாங்கூர்ப் பக்கமோ உள்ள செம்பனை ஆலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் நடப்பட்டது. அதன் பெயரே தமிழ்: தென்னமரம் தோட்டம். நம் தாத்தா பாட்டிமார் உழைத்த தொழில் இது.

செம்பனை ஆலையின் உயிர்நாடி நீராவி. பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்துக் கொதிகலனில் நீராவி எடுக்கிறார்கள். அது முதலில் சுழலியைச் சுற்றி மின்சாரம் தருகிறது. சுழலியை விட்டு வெளியேறும் நீராவியில் உள்ளுறை வெப்பம் இன்னும் நிறையவே இருக்கிறது. அதைக் கொண்டு பழக்குலைகளை அவிக்கிறார்கள்.

கொட்டையை உடைத்து எடுக்கும் பருப்பு ஈரமாக இருக்கும். அப்படியே குவித்தால் பூசணம் பிடிக்கும், எண்ணெய் கெடும். ஆகவே அதை ‘சைலோ’ எனும் உயரமான தொட்டியில் கொட்டி, ஈரம் ஏறக்குறைய 7 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை உலர்த்துகிறார்கள். தொட்டியின் பக்கத்தில் ஒரு விசிறி இருக்கும். விசிறிக்கு முன்னால் நீராவிச் சுருள். சுருளைக் கடந்து சூடான காற்று பருப்புக்குள் புகுந்து ஈரத்தை வாரிக்கொண்டு மேலே போகிறது. சுருளின் அடியில் அதே நீராவிப் பொறி. மருத்துவமனையில் பார்த்த அமைப்புக்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு.

நம் மாணவர்களில் எத்தனையோ பேரின் அப்பாவோ மாமாவோ இப்படிப்பட்ட ஆலைகளில் கொதிகலன் பார்த்தவர்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்தக் கட்டுரையைவிட நன்றாகச் சொல்வார்கள்.

6. ஏர்கோனுக்கு மூத்தது

இன்னொரு சுவையான செய்தி. ஏர்கோன் பிறந்ததே இந்தச் சூடாக்கும் சுருளிலிருந்துதான்.

1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்குப் பெரிய தலைவலி. கோடைக்கால ஈரத்தில் தாள் விரிந்தது. காய்ந்த நாளில் சுருங்கியது. ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணம் சரியாகப் படியவில்லை. இதைத் தீர்க்கும் பொறுப்பு 25 வயதுப் பொறியாளர் வில்லிஸ் கேரியருக்கு வந்தது. அவர் வேலை பார்த்த பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனம் விசிறிகளும் சூடாக்கும் அமைப்புகளும் செய்துவந்தது. நீராவி ஓடும் சுருளைக் கடக்கும் காற்று எவ்வளவு வெப்பம் வாங்கும் என்பது கேரியருக்கு நன்றாகத் தெரியும். அவர் அந்தச் சுருளில் நீராவிக்குப் பதிலாகக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார். காற்றிலிருந்த ஈரம் தண்ணீராகி இறங்கியது.

அவர் தீர்க்க வந்தது புழுக்கத்தை அல்ல, ஈரத்தை. தாளுக்காகச் செய்தது, பிறகு மனிதருக்கும் உதவியது. குளிர்ச் சுருளில் காற்றின் நீராவி தண்ணீராகிறது; வெப்பச் சுருளில் கொதிகலனின் நீராவி தண்ணீராகிறது. ஒரே விதி, இரண்டு பக்கம்.

7. செலவும் நம் பள்ளிக்கூடமும்

ஒரே காற்றைக் குளிரவைக்க ஒரு முறை, சூடாக்க ஒரு முறை என்று இரண்டு தடவை பணம் கட்டுகிறோம். எனவே, உண்மையாகவே தேவைப்படும் அறைக்கு மட்டும் இதைச் செய்ய வேண்டும். சூடாக்கும் வெப்பத்தையும் கழிவிலிருந்து எடுத்தால் நல்லது. சிப்பாங்கில் 1998இல் திறக்கப்பட்ட கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்துக்குக் குளிர்நீர் தரும் நிலையம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே எரிவாயுச் சுழலிகள் மின்சாரம் எடுக்கின்றன. அவற்றிலிருந்து வெளியேறும் சூட்டைக் கொண்டு நீராவி எடுத்து, அந்த நீராவியாலேயே குளிரூட்டும் இயந்திரங்களை ஓட்டுகிறார்கள். நீராவியால் குளிர்ச்சி! இதுவும் தேர்வுக் கட்டுரைக்கு நல்ல சான்று.

நம் பள்ளிக்கு இதில் என்ன பாடம்? நூலகத்திலோ கணினி அறையிலோ புத்தகத்தில் பூசணம் பிடித்தால் உடனே ஏர்கோனை 16 பாகைக்கு இறக்குகிறோம். அது எப்போதும் மருந்தாகாது. அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏர்கோன் சீக்கிரம் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். குளிர் வந்திருக்கும், ஈரம் போயிருக்காது. சுவரும் கண்ணாடியும் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டால், கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே வரும் வெளிக்காற்றின் ஈரம் அவற்றின்மேல் படியும். பூசணத்துக்கு அதுதான் விருந்து. நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு உட்புறக் காற்றுத் தர வழிகாட்டி 23 முதல் 26 பாகை வெப்பநிலையையும், 40 முதல் 70 விழுக்காடு ஈரப்பதத்தையும் பரிந்துரைக்கிறது. வெப்பமானி மட்டும் பார்த்தால் போதாது. ஈரமானியும் பார்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இது வெறும் பாடக்குறிப்பு அல்ல, மூச்சு.

8. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

தேர்வு முடிந்து தொழிற்பயிற்சிக்குப் போகப்போகும் மாணவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெண்டி கொதிக்கும்போது மூக்கின் நுனியை ஒட்டி ஒரு சிறு இடைவெளி தெளிவாக இருக்கும். அதுதான் நீராவி. அதற்கு அப்பால் வெள்ளையாகத் தெரிவது, ஏற்கெனவே குளிர்ந்து சிறு துளிகளாகிவிட்ட தண்ணீர். குழாயில் கசிவு இருந்தால் வெள்ளைப் புகையைப் பார்த்து, “அதுக்கு இந்தப் பக்கம் ஒண்ணுமில்ல” என்று கையை நீட்டிவிடாதீர்கள். தெளிவாகத் தெரியும் இடத்தில்தான் ஆபத்து அதிகம்.

வெந்நீர் கையில் பட்டால் அதன் வெப்பநிலைக்கு ஏற்ற காயம். நீராவி பட்டால் அது தோலின்மேல் தண்ணீராகி, உள்ளுறை வெப்பம் முழுவதையும் தோலுக்கே கொடுத்துவிடும். காயம் ஆழமாகும். பட்டுவிட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, பட்டர் எதுவும் பூச வேண்டாம். பெரிய காயம் என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

உள்ளுறை என்ற சொல்லை மனப்பாடம் செய்தவருக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கலாம். அதன் பொருளைப் புரிந்துகொண்டவருக்குக் கை தப்பும்.

9. கட்டுரை எழுதுவோர் கவனத்துக்கு

மாணவர்களே, மேலே உள்ள விளக்கம் எப்படி நகர்ந்தது என்று பாருங்கள். முதலில் ஒரு கேள்வி. அடுத்து, தெரிந்த பொருளிலிருந்து தெரியாத பொருளுக்கு ஒரு பாலம். பிறகு நடக்கும் ஒழுங்கு. அதற்குப் பின் பழுது, பயன், எச்சரிக்கை. எந்த இயந்திரத்தைப் பற்றி எழுதச் சொன்னாலும் இந்த வரிசை கைகொடுக்கும்.

மூன்று குறிப்புகளை மனத்தில் வையுங்கள். ஒன்று, ஒரு பொருளுக்கு ஒரே சொல். ‘ஆவி’, ‘நீராவி’, ‘புகை’ என்று மாற்றி மாற்றி எழுதினால் மூன்றும் வெவ்வேறு பொருள் போலாகிவிடும். இரண்டு, காரணத்தையும் விளைவையும் ‘ஆகவே’, ‘அதனால்’, ‘ஏனெனில்’ போன்ற இடைச்சொற்களால் இணையுங்கள். மூன்று, எண்ணைத் தனியாக விடாதீர்கள், ஒப்பிட்டுக் காட்டுங்கள். 14 கிலோ என்பது தனியே ஒன்றும் சொல்லாது. 720 கிலோவின் பக்கத்தில் வைத்தால்தான் பேசும்.

கலைச்சொற்கள்:
வெப்பநிலை – வெப்பமானி காட்டும் அளவு
உள்ளுறை வெப்பம் – நிலை மாறும்போது வெப்பநிலையை மாற்றாமல் உட்செல்லும் அல்லது வெளிவரும் வெப்பம்
ஈரப்பதம் – காற்று தாங்கக்கூடிய நீராவியில் இப்போது எத்தனை விழுக்காடு இருக்கிறது என்னும் அளவு
கொதிகலன் – நீராவி உண்டாக்கும் மூடிய கலம்
நீராவிப் பொறி – தண்ணீரை வெளியேற்றி நீராவியைத் தடுக்கும் கருவி

பயிற்சி:
1. குளிர்ந்த காற்றைச் சூடாக்கினால் அதில் உள்ள நீராவியின் அளவு மாறாமலே ஈரப்பதம் குறைவது ஏன்? நான்கு வாக்கியங்களில் விளக்குக.
2. வெப்பம், வெப்பநிலை ஆகிய சொற்களின் வேறுபாடு விளங்க வாக்கியம் அமைத்திடுக.
3. நீராவிப் பொறி மூடியபடி பழுதானால் ஏற்படும் விளைவுகளை வரிசைப்படுத்துக.
4. ‘உள்ளுறை’ என்னும் சொல் இலக்கியத்திலும் அறிவியலிலும் எவ்வாறு பொருந்துகிறது? 80 சொற்களில் எழுதுக.
5. உங்கள் வீட்டிலோ வட்டாரத்திலோ உள்ள ஏதேனும் ஓர் இயந்திரம் இயங்கும் முறையை, அதைப் பயன்படுத்தும் ஒருவரிடம் கேட்டறிந்து, கருத்து விளக்கக் கட்டுரையாக எழுதுக.

ஆசிரியர்களே, ஐந்தாம் பயிற்சியை மட்டும் விட்டுவிட வேண்டாம். பிள்ளைகள் வீட்டில் கேட்கட்டும். பெரியவர்கள் சொல்லும் தொழில் சொற்களை அப்படியே குறித்துக்கொண்டு வரட்டும். அவற்றில் எது கட்டுரைக்கு உதவும், எதற்கு வேறு தமிழ்ச் சொல் தேடலாம் என்று வகுப்பில் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.